மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு மூன்று மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போட்டும் வீட்டில் ஒருவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிறார், மனநல மருத்துவர் "டிஎம்எஸ் என்கிற காந்தத் தூண்டல் சிகிச்சையைச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார், வீட்டுக்கு வந்து சொன்னால் ஆளாளுக்கு "ஐயோ, அது தலையில் ஷாக் வைக்கிறதுதானே" என்கிறார்கள். இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கே இருந்தாலும் கேள்விகள் ஒன்றுதான்: இது என்ன, யாருக்கு ஆகும், யார் காசு கொடுப்பது, தினமும் யார் கூட்டிப் போவது.

என்னைக் கேட்டால் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும். மருந்தை வீட்டிலேயே விழுங்கிவிடலாம். டிஎம்எஸ்ஸுக்கு வாரத்தில் 5 நாள், 4 முதல் 6 வாரம், தினமும் போய் உட்கார வேண்டும். குளிப்பதற்கே தெம்பில்லாத ஒருவரைத் தினமும் காரில் ஏற்றி இறக்குவது குடும்பத்தின் வேலை. எங்கள் வீட்டில் சின்னம்மாவுக்குச் செய்தபோது நான் பார்த்ததும் இதுதான், சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்குப் பாதிக் காரணம் அவரைக் கூட்டிப் போக ஆள் இருந்தது.

முதலில், இது என்ன

எட்டு வடிவத்தில் சுற்றிய ஒரு செப்புக் கம்பிச் சுருளைத் தலையின் மேல் வைத்து, அதில் மின்சாரத்தை மிக வேகமாக ஏற்றி இறக்குவார்கள். அப்போது ஒரு காந்தப்புலம் உண்டாகி, மண்டையோட்டைத் தடையில்லாமல் தாண்டி, உள்ளே இருக்கும் நரம்பணுக்களில் சின்னதாக ஒரு மின்னோட்டத்தை எழுப்புகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது, புதிய மாயம் எதுவும் இல்லை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவர் குழுவினரும் இதை மனித மூளையில் செய்து காட்டினார்கள். மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது 2008-இல்.

புலத்தின் வலிமை எம்ஆர்ஐ இயந்திரத்தின் அளவுக்கு இருக்கும், ஏறக்குறைய 1.5 முதல் 2 டெஸ்லா. ஆனால் அது எட்டுவது 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான். வழக்கமாகக் குறிவைக்கும் இடம் நெற்றிக்குச் சற்று மேலே, இடது பக்கம். முடிவெடுப்பது, ஒரு வேலையைத் தொடங்குவது, கவலையைக் கட்டுக்குள் வைப்பது இவற்றோடு சம்பந்தப்பட்ட பகுதி அது, மனச்சோர்வில் பலருக்கு அங்கே இயக்கம் மந்தமாக இருக்கிறது. திரும்பத் திரும்பத் தூண்டும்போது அந்தப் பகுதிக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புள்ள ஆழமான பகுதிகளுக்கும் இடையே இருக்கும் இணைப்புகள் மாறுகின்றன.

ஷாக் சிகிச்சை, அதாவது இசிடி, வேறு. அதில் மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவழைப்பார்கள், கொஞ்ச காலம் ஞாபக மறதி வரலாம். டிஎம்எஸ்ஸில் மயக்கம் கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது, ஞாபகம் போவதில்லை. முழு விழிப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, முடிந்ததும் தானே கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதற்காக இசிடியை மட்டமாக நினைக்க வேண்டாம். சாப்பாடு தண்ணீரே இறங்காத நிலை, இல்லாத குரல் கேட்கும் நிலை போன்ற கடுமையான மனச்சோர்வில் இசிடிதான் பலமான சிகிச்சை, உயிரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

படி 1: இது காத்திருக்கக்கூடிய நிலையா?

வீட்டில் இருப்பவர் சாவைப் பற்றிப் பேசினால், "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது" என்கிற மாதிரிச் சொன்னால், மாத்திரைகளைச் சேர்த்து வைத்தால், டிஎம்எஸ்ஸுக்குத் தேதி கிடைக்கும்வரை பொறுத்திருக்காதீர்கள். இதன் பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். உடனே பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. பேச ஆள் வேண்டுமென்றால் சாடாக் என்கிற தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற நோய் அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அவரிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகாது. கேளுங்கள்.

படி 2: மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் உண்மையிலேயே சரியாக நடந்ததா

ஒரு மருந்து "வேலை செய்யவில்லை" என்று சொல்ல வேண்டுமானால் அதைச் சரியான அளவில் 6 முதல் 8 வாரமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். நம்மில் நிறையப் பேர் பத்து நாள் போட்டுவிட்டு, வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்தி, அதையும் ஒரு தோல்வியாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். ஆகவே ஒரு தாளை எடுத்து, இதுவரை சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஏன் நிறுத்தினார் என்று எழுதுங்கள். மருந்துக் கடையில் கேட்டால் பழைய பதிவுகளை எடுத்துத் தருவார்கள். இந்தத் தாள் பின்னால் மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கும் வேண்டும், பத்திரமாக வையுங்கள்.

கூடவே தைராய்டு, ரத்தசோகை, பி12, சர்க்கரை பரிசோதனைகள் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். சைவமாகச் சாப்பிடும் வயதானவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அதுவே ஆளைச் சோர்வில் தள்ளிவிடும்.

இரண்டு மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் தேறவில்லை என்றால், அப்போது டிஎம்எஸ்ஸைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டார்*டி என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006-இல் வந்தன. முதல் மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலானவர்கள் முழுதாகத் தேறினார்கள், ஆனால் இரண்டு தோற்று மூன்றாவதுக்குப் போனவர்களில் தேறியவர் ஏறக்குறைய 7 பேரில் ஒருவர்தான். டிஎம்எஸ்ஸோ, இப்படி மருந்து பலிக்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயின் கடுமையைப் பாதியாகக் குறைக்கிறது, மூன்றில் ஒருவருக்கு ஏறக்குறைய முழுக் குணம் தருகிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

படி 3: தலையிலும் உடம்பிலும் என்ன இருக்கிறது என்று சொல்வது

காதுக்குள் வைத்த கோக்லியர் இம்பிளாண்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், மூளைக்குள் வைத்த மின்முனை, இப்படித் தலைக்குள் உலோகமோ மின்கருவியோ இருந்தால் பொதுவாக டிஎம்எஸ் கிடையாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். பல் அடைப்பும் பல் கம்பியும் பரவாயில்லை. டர்பனில் தொழிற்சாலை, கப்பல் பட்டறை வேலை பார்த்த நம் ஆட்கள் நிறைய, வெல்டிங், கிரைண்டர் வேலையில் கண்ணில் இரும்புத் துகள் போயிருந்தால் அது நாற்பது வருடம் முந்திய கதையாக இருந்தாலும் சொல்லுங்கள்.

முக்கியமாகப் பயப்பட வேண்டிய பக்கவிளைவு வலிப்பு. அது அபூர்வம், 1000 நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் சில விஷயங்கள் அந்த ஆபத்தைக் கூட்டும்: முன்பே வலிப்பு நோய், பக்கவாதம் அல்லது தலையில் பலத்த அடி, அதிகக் குடி, குடியைத் திடீரென்று நிறுத்துவது, தூக்கமின்மை, புப்ரோபியான், டிராமடால் போன்ற மருந்துகள், தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவது. குடியை மறைப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு, தெரியும். இந்த ஒரு இடத்தில் மறைக்கக் கூடாது. மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விரதம். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து, கடைசி இரவு கோயிலில் கண்விழித்து, காலையில் அலகு குத்தும் வழக்கம் உள்ளவர்கள் இதைச் சிகிச்சையோடு சேர்த்து வைக்காதீர்கள். பட்டினியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடிவிடும். ஒன்று, காவடி முடிந்து நன்றாகத் தூங்கிச் சாப்பிட்ட பிறகு தொடங்குங்கள், இல்லையென்றால் இந்த வருடம் வீட்டில் வேறு ஒருவர் காவடி எடுக்கட்டும், நேர்த்திக்கடனை முருகன் அடுத்த வருடம் வாங்கிக்கொள்வார். புரட்டாசியில் மாமிசம் மட்டும் தவிர்க்கிறீர்கள் என்றால் அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

இருமுனை நோய் இருந்தாலோ, முன்பு ஒரு முறை அளவுக்கு மீறிய உற்சாகத்தில் தூக்கமில்லாமல் திரிந்திருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும், மனம் மறுபக்கம் எகிறிவிடும் வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது.

படி 4: எங்கே, யாரிடம்

தென்னாப்பிரிக்காவில் இது பெரும்பாலும் பெருநகரங்களின் தனியார் மனநல மையங்களில் கிடைக்கும் சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பதில்லை. சாட்ஸ்வொர்த் ஆர்.கே. கான் மருத்துவமனைக்கோ உள்ளூர் கிளினிக்குக்கோ போகிறவர்கள் மனம் தளர வேண்டாம், ஃப்ளூஆக்சடின் போன்ற மருந்துகளை அரசுக் கிளினிக்குகளிலேயே வாங்கலாம், தேவைப்பட்டால் மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்கலாம். டிஎம்எஸ் கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையே இல்லை என்று ஆகிவிடாது.

மருத்துவரின் பெயரை எச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள், மனநல மருத்துவராகப் பதிவு இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இயந்திரத்தைத் தினமும் இயக்குவது பயிற்சி பெற்ற நர்ஸாக இருக்கலாம், அது வழக்கம்தான், ஆனால் முதல் நாள் அளவெடுப்பை மருத்துவரே செய்கிறாரா, வலிப்பு வந்தால் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. காந்த வளையல், காந்த மெத்தை, காந்தத் தலைப்பட்டை என்று விற்கிறவர்கள் "இதுவும் மேக்னட்தானே" என்பார்கள். அசையாமல் கிடக்கும் காந்தம் மூளையில் எந்த மின்னோட்டத்தையும் எழுப்பாது, வேகமாக மாறும் புலம்தான் எழுப்பும். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

படி 5: மெடிக்கல் எய்ட்

இங்கேதான் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1998-இன் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின்படி எல்லாத் திட்டங்களும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் உண்டு, பிஎம்பி என்பார்கள். கடுமையான மனச்சோர்வுக்கு அதில் இருப்பது வருடத்துக்கு 3 வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது 15 முறை வரை வெளிநோயாளியாகப் பேச்சு சிகிச்சை. மருத்துவமனைச் சிகிச்சை என்ற பகுதியில் இசிடி பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது, டிஎம்எஸ்ஸின் பெயர் இல்லை. கட்டாய நாட்பட்ட நோய்ப் பட்டியலிலும் இருமுனை நோய் இருக்கிறது, இருமுனை நோயில் சேராத மனச்சோர்வு இல்லை. அதனால் டிஎம்எஸ்ஸுக்குப் பணம் கிடைப்பது உங்கள் திட்டத்தையும், நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

மையத்திடம் முதலில் எழுத்தில் ஒரு விலைப்பட்டியல் வாங்குங்கள். முதல் நாள் அளவெடுப்பு, தினசரி அமர்வு, நடுவில் மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், எல்லாம் தனித்தனியாக, சிகிச்சைக் குறியீடுகளோடு இருக்க வேண்டும். நோய்க் குறியீடும் வேண்டும், ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் மனச்சோர்வுக்கு எஃப்32, திரும்பத் திரும்ப வருவதற்கு எஃப்33. இதோடு மருத்துவரின் மோட்டிவேஷன் லெட்டர், அதாவது இந்தச் சிகிச்சை ஏன் தேவை என்று விளக்கும் கடிதம். அந்தக் கடிதத்தில் படி 2-இல் எழுதச் சொன்ன மருந்துப் பட்டியல் முழுதாக இருக்கட்டும், மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளின் மதிப்பெண் இருக்கட்டும், மருத்துவமனையில் 3 வாரம் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் இதன் செலவு என்ன என்ற வரியும் இருக்கட்டும். முன் அனுமதி எண் கையில் வருவதற்கு முன் தொடங்க வேண்டாம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் ஒருவர் சொன்ன "இல்லை" முடிவான பதில் ஆகாது. திட்டத்தின் உள்ளேயே மேல்முறையீடு செய்யலாம், அதுவும் ஆகாவிட்டால் இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் கொடுக்கலாம். நோயாளியை இதில் இழுக்காதீர்கள். அவர் கையெழுத்துப் போட்டால் போதும், போன் பேசுவதும் மின்னஞ்சல் அனுப்புவதும் வீட்டில் பொறுமைசாலி யாரோ அவர் செய்யட்டும்.

படி 6: ஆறு வாரத்துக்கு ஆள் ஏற்பாடு

மையம் உம்லாங்காவில், வீடு சாட்ஸ்வொர்த்தில் என்றால் நகரத்தின் தெற்கிலிருந்து வடக்குக்கு என்2 நெடுஞ்சாலையில் தினமும் போய் வர வேண்டும். காலை நெரிசலைத் தவிர்த்து ஒன்பதரை, பத்து மணிக்கு நேரம் கேளுங்கள், மனச்சோர்வில் இருப்பவருக்கு அதிகாலைதான் மிக மோசமான பொழுது என்பதும் ஒரு காரணம். திங்கள் மாமா, செவ்வாய் பக்கத்து வீட்டு அக்கா, புதன் கல்லூரிக்குப் போகாத பையன் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுவிடுங்கள். ஒரே ஆள் ஆறு வாரம் ஓட்டினால் அவரும் படுத்துவிடுவார். கோயில் குழுவில் ஓய்வுபெற்ற தாத்தாக்கள் இருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். என்ன நோய் என்று அவர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வேலையில் இருப்பவருக்குச் சட்டம் தரும் நோய் விடுப்பு, வாரம் 5 நாள் வேலை என்றால் 3 வருடத்துக்கு 30 நாள். எல்லாவற்றையும் இதற்கே கரைத்துவிடாமல், தினமும் இரண்டு மணிநேரம் வெளியே போய் வர அனுமதி கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து 2 நாளுக்கு மேலோ, 8 வாரத்தில் இரண்டு முறைக்கு மேலோ வராவிட்டால் மருத்துவச் சான்றிதழ் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் நோய் என்ன என்பதை உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் அதில் எழுதக் கூடாது.

தொடங்கும் தேதியையும் யோசியுங்கள். டிசம்பர் நடுவில் பாதி ஊர் மூடிவிடும், ஈஸ்டரில் வெள்ளியும் திங்களும் விடுமுறை. ஒன்றிரண்டு நாள் இடைவெளி ஒன்றும் செய்யாது, பத்து நாள் விட்டுப் போவது நல்லதல்ல.

படி 7: முதல் நாள்

தோடு, மூக்குத்தி, ஹேர்பின், கழுத்துச் சங்கிலி, காது கேட்கும் கருவி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போனால் பேச்சே இல்லை. கைப்பேசியும் வங்கி அட்டையும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

முதலில் அளவெடுப்பார்கள். சுருளைத் தலையில் நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்து, வலது கைக் கட்டைவிரல் தானாக அசையும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பார்கள். விரல் தானாகத் துள்ளுவதைப் பார்த்து பயப்படாதீர்கள், சரியான இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த அளவின் 120 சதவீதத்தில்தான் பொதுவாகச் சிகிச்சை நடக்கும். பிறகு நெற்றிப் பக்கம் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள்.

காதில் அடைப்பான் கட்டாயம், சத்தம் அதிகம். நெற்றியில் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி இருக்கும். பழைய முறையில் நொடிக்கு 10 துடிப்பு வீதம் 4 நொடி, பிறகு 26 நொடி ஓய்வு, இப்படி மொத்தம் 3000 துடிப்புகள், முடிய 37 நிமிடம் ஆகும். தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறையில் 600 துடிப்புகள் 3 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டையும் 414 பேரிடம் ஒப்பிட்ட கனடா ஆய்வு 2018-இல் வெளிவந்தது, பலனில் குறுகிய முறை பின்தங்கவில்லை. ஆகவே "மூன்று நிமிடத்தில் ஏமாற்றுகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம். ஒரே நாளில் 10 அமர்வாக 5 நாளில் முடிக்கும் ஸ்டான்ஃபோர்டு முறைக்கும் 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது, ஆனால் அதற்கு மூளைப் படம் எடுத்துக் குறிவைக்கும் வசதி வேண்டும்.

தாடையோ புருவமோ துடிக்கலாம், தலைத்தோல் வலிக்கலாம். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். சுருளைக் கொஞ்சம் சாய்ப்பார்கள், அல்லது வலிமையைக் குறைத்துச் சில நாளில் மெதுவாக ஏற்றுவார்கள். நம் அம்மாக்கள் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே இருந்துவிட்டு மறுநாள் வரமாட்டேன் என்பார்கள், அதனால் கூடப் போகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள். தலைவலிக்குப் பெரும்பாலும் பனாடோ (பாராசிட்டமால்) போதும், முதல் வாரம் தாண்டினால் குறைந்துவிடும்.

படி 8: நடுவில் வரும் வாரங்கள்

முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். "காசும் போச்சு, நேரமும் போச்சு" என்று அவரே சொல்வார், அந்த நம்பிக்கையின்மையும் நோயின் ஒரு பகுதிதான். வாரம் ஒருமுறை பிஎச்கியூ-9 கேள்வித்தாளை நிரப்புங்கள். 9 கேள்விகள், 27 மதிப்பெண். தொடங்கியதில் பாதியாகக் குறைந்தால் சிகிச்சை பிடித்திருக்கிறது என்று கணக்கு, 5-க்குக் கீழே போனால் நோய் தணிந்துவிட்டது. பெரும்பாலும் அவருக்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் மாற்றம் தெரியும். கேட்காமலே டீ போட்டிருப்பார், சன்னலைத் திறந்திருப்பார், டிவி தொடரில் யார் யாருக்கு மருமகள் என்று கேட்பார். தேதி போட்டு எழுதி வையுங்கள், மருத்துவருக்கு அது மதிப்பெண்ணைவிடப் பயன்படும்.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, புதிதாக எதையும் சேர்க்கவும் கூடாது, மருந்து மாறினால் அந்த 120 சதவீதக் கணக்கே மாறிவிடும், மறுபடி அளவெடுக்க வேண்டும். முந்தைய இரவு தூங்கவில்லை என்றால் போனவுடன் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் கடற்கரை நடைபாதையில் ஒரு சுற்று நடக்கவிட்டுக் கூட்டி வாருங்கள், உளவியலாளரிடம் பேச்சு சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் அதையும் நிறுத்தாதீர்கள்.

கோயிலுக்குப் போவதும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும், திருஷ்டி கழிப்பதும் இதற்கு எதிரி அல்ல. "சாமி பார்த்துக்கொள்ளும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

படி 9: முடிந்த பிறகு

பல மையங்களில் 30 அமர்வுக்குப் பிறகு 3 வாரத்தில் 6 அமர்வாகக் குறைத்து, மொத்தம் 36-இல் முடிப்பார்கள். 30 தாண்டியும் மதிப்பெண் நகரவில்லை என்றால் அடுத்த வழிகளைப் பேச வேண்டும்: வலது பக்கம் மெதுவான துடிப்பில் செய்து பார்ப்பது, லித்தியம் போன்ற துணை மருந்து, இசிடி. இது பலிக்காதவருக்கு இசிடி பலித்திருக்கிறது.

குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடம் வரை அந்தப் பலன் நிற்கிறது. திரும்ப வந்தாலும், முதல் முறை பலன் கண்டவருக்கு இரண்டாம் முறையும் பெரும்பாலும் பலிக்கிறது. மாத்திரையை எவ்வளவு காலம் தொடர்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது முதலில் காணாமல் போவது பொதுவாகத் தூக்கம், விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வது ஒரு வாரம் தொடர்ந்தாலே போன் போட்டுவிடுங்கள். மையத்திடமிருந்து சுருள் வைத்த இடம், அளவு, எந்த முறை, எத்தனை அமர்வு, தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச்கியூ-9 மதிப்பெண் எல்லாம் உள்ள அறிக்கையை வாங்கி, ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடமும் ஒரு பிரதியை வீட்டு ஃபைலிலும் வையுங்கள். மறுபடி தேவைப்பட்டால் மெடிக்கல் எய்டுக்கு எழுதும் கடிதத்தில் அந்த இரண்டு மதிப்பெண்களையும் முதல் வரியிலேயே போடலாம்.